துடுப்பில்லாத கரிச்சான்

அந்தமானில் திக்லிபூர் மர டிப்போவில் நான் குமாஸ்தா, அவர் யானைப் பாகன். பீடி செருகிச் செருகியே இடக்காது மடங்கிப்போன மனிதர். யானையை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மூன்று துண்டாக ஒரு சீட்டி, அவ்வளவுதான்.

எனக்குப் பறவைப் பைத்தியம். அந்தக் காட்டில் கரிச்சான் இரண்டு வகை. ஒன்றுக்கு வால் நுனியில் துடுப்பு மாதிரி இரண்டு இறகு தொங்கும். அந்தமான் கரிச்சானுக்குக் கிடையாது. ஒருநாள் டிப்போ வேலியில் துடுப்பில்லாத ஒன்று வந்து உட்கார்ந்தது. ‘அந்தமான்’ என்று நோட்டில் பெருமையாக எழுதினேன்.

"நஹி, பாபுஜி. இது துடுப்புக்காரன். இறகு கொட்டியிருக்கு, திரும்ப முளைச்சிரும்" என்றார் பாகன்.

"எந்தப் புத்தகத்துல படிச்சீர்?" என்றேன், அவருக்கு எழுத்துத் தெரியாது என்று தெரிந்தே.

அவர் சீட்டியடித்தார். பறவை அதே சீட்டியைத் திருப்பி அடித்தது. யானை குழம்பிப்போய் வேலியைப் பார்த்தது.

"கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்றது துடுப்புக்காரன் வேலைதான்" என்றார்.

வயிறெரிய நோட்டைத் திருத்தினேன். அவர் வேறு முகாமுக்கு மாறிப்போனதும் தினமும் காலையில் வேலியோரம் நின்று அந்தப் பறவைக்கு என் சீட்டியைச் சொல்லிக்கொடுத்தேன். வாலில் துடுப்பு முளைத்தது. ஒவ்வொரு முறையும் அது பதிலுக்கு அடித்தது அவருடைய சீட்டியைத்தான்.