ஆணியில் தொங்கிய சாவி

கூட்டத்துக்கு வந்தவர்கள்: தொண்டு நிறுவனத்து மேடம். அவருடன் போட்டோ எடுக்க ஒருவர். லைன் வீட்டு ஓனர். தமிழ் வீடுகளில் இருந்து ஆறு பெண்கள், நானும் சேர்த்து. ஒடியா வீடுகளில் இருந்து நான்கு பெண்கள், அதில் சபிதா நிறைமாதம். நாற்காலி மூன்று. சபிதா தரையில் உட்கார்ந்தாள்.

மேடம் எங்களைப் பாஷை வாரியாகப் பிரித்து உட்காரவைத்தார். தமிழ் இந்தப் பக்கம், ஒடியா அந்தப் பக்கம். ஒற்றுமைக் கூட்டமாம். தினமும் ஒரே குழாயடியில் குடம் இடித்துக்கொள்கிற நாங்கள் அன்றைக்குத்தான் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப் போல் தறி ஓட்டப் புறப்பட்டு வந்தவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். சாயல்குடிப் பக்கமிருந்து பள்ளிபாளையம் வந்து இருபது வருஷம் ஆகிறது. வந்த புதிதில் நான் வாய் திறந்தாலே சிரிப்பார்கள். "ஏனுங்க, இது எந்தூருப் பேச்சுங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விடுவார்கள். சபிதா வந்து இரண்டு வருஷம்தான். "வாரேனுங்க, போறேனுங்க" என்று இந்த ஊரில் பிறந்தவள் மாதிரி பேசுகிறாள். எனக்குத்தான் நாக்கு திரும்பவே இல்லை.

லைனுக்கு ஒரே கக்கூஸ். ஓனர் அதற்குப் பூட்டுப் போட்டு, தமிழ் வீடுகளுக்கு மட்டும் வீட்டுக்கொரு சாவி கொடுத்திருந்தார். வடக்கத்தி ஆட்கள் அடைத்துவிடுவார்களாம். தொட்டியைக் காலிசெய்ய அவர் ஒரு நாளும் வண்டி கூப்பிட்டதில்லை. ஒடியாக்காரர்கள் ஆற்றங்கரைக்குப் போகட்டும் என்றார். என் சாவி வாசலில் ஆணியில் தொங்கும். அந்தப் பெண்கள் எடுப்பார்கள், திரும்ப மாட்டுவார்கள். அவர்கள் கேட்டதும் இல்லை, நான் கொடுத்ததும் இல்லை. மற்ற ஐந்து வீட்டுக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்காததால் நடந்துகொண்டிருந்தது.

மேடத்துக்கு வாயைத் திறக்கவைப்பதுதான் உத்தியோகம்.

"உங்க பிரச்சினைய பயப்படாம சொல்லுங்க" என்றார் சபிதாவிடம்.

"ஒண்ணுமில்லீங்க."

"டாய்லெட்டுக்கு எங்க போறீங்க?"

சபிதா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவளுக்குப் பொய் வராது.

"அக்கா சாவி ஆணியில இருக்குதுங்க. எடுத்துக்குவோமுங்க."

மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா சார், இதான் கம்யூனிட்டி. எல்லாரும் இந்த அக்காவுக்குக் கைதட்டுங்க."

ஓனரும் தட்டினார். என்னைப் பார்த்துக்கொண்டே தட்டினார். போட்டோக்காரர் என்னை ஆணிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்.

மறுநாள் காலையில் புதுப் பூட்டு. ஓனர் வீடு வீடாகச் சாவி கொடுத்துக்கொண்டே வந்தார். என் வாசலில் நிற்கவில்லை.

"எனக்குக் குடுக்காமப் போறீக?" என்றேன்.

"உனக்கெதுக்கம்மா? நீயும் வெளியூருதான. அவியகூடவே போய்க்க."

மற்ற ஐந்து பேரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். நேற்றுக் கைதட்டிய கைகள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போனார்கள்.

மேடத்துக்குப் போன் போட்டேன். "நீங்களே உக்காந்து பேசித் தீத்துக்கணும்க்கா. நாங்க வழிகாட்டத்தான் முடியும்" என்றார்.

"நீங்க காட்டுன வழியிலதான் இப்ப ஆத்துக்குப் போறோம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

விடியும் முன்னே சபிதாவும் நானும் போகிறோம். ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவள் கல் பார்த்து இறங்குகிறாள். "பாத்து வாங்கக்கா, வழுக்குதுங்க" என்று எனக்குச் சொல்கிறாள். எதிர்க்கரையில் ஈரோட்டு விளக்குகள். அங்கேயும் ஒரு மேடம் நாற்காலி போட்டுக்கொண்டிருப்பார்.

ஆணியும் நானும் இருக்கிற படம் தொண்டு நிறுவனத்து அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறதாம். சாயல்குடியில் எனக்கு வீடு கிடையாது. இங்கே யார் வந்து விசாரித்தாலும் ஓனர் என்னையும் சேர்த்துத்தான் கணக்குச் சொல்கிறார்.

தமிழ் வீடு ஆறு. சாவி ஐந்து.