வெள்ளை கட்டிய கொட்டில்

கனடாவில் இருந்த மாமா தன் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்துக்கு மூன்று வருடம் நடையாய் நடந்து, கடைசியில் அந்த அம்மையாரை எங்கள் கொட்டிலுக்கே அனுப்பிவைத்தார். எங்கள் காணியும் கிணறும் இராணுவ முகாமின் வேலிக்குள் இருந்தன. போரில் இடம்பெயர்ந்த நாங்கள் ஸ்கந்தபுரத்தில், பெரியப்பாவின் வளவில், பிளாஸ்டிக் தறப்பாள் கூரைக்குக் கீழே இருந்தோம். அம்மையார் கண்ணால் கண்டு தன் நாட்டுப் பாராளுமன்றத்தில் பேசினால் இங்கே இராணுவம் காணியை விட்டுவிடும் என்று மாமா நம்பினார்.

வெளிநாட்டு ஆள் வருகிறார் என்றதும் எங்கள் சனத்துக்குக் கை சும்மா இருக்குமா? கலியாண வீட்டுக்குக் கட்டுவதுபோல் பெரியம்மா கூரைக்கடியிலும் சுற்றிவரவும் வெள்ளைத்துணி கட்டினார். ஒன்பது வயதுக்காரியான எனக்கு ஊசி எடுத்துக் கொடுக்கும் பெரும் பதவி. வருகிறவர்கள் உட்காரப் பெரியப்பா சனசமூக நிலையத்துக் கதிரைகளைக் கொண்டுவந்து அடுக்கினார். பலகாரம் ஐந்து வகை. ஒட்டுப்போட்ட தறப்பாள் ஒரு சாண்கூட வெளியே தெரியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மையார் வந்தார், பயற்றம் பணியாரம் சாப்பிட்டார், அண்ணாந்து பார்த்து ஏதோ சொன்னார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் எங்களுக்குச் சொன்னார்: "நீங்கள் நல்லா இருக்கிறியளாம், பாக்கச் சந்தோசமாம்."

பெரியப்பா மகிழ்ந்து தலையாட்டினார். அம்மா எழுந்துபோய்த் துணியின் நுனியைப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தார்.

"என்ன பிள்ளை செய்யிறாய்? வந்த ஆக்களுக்கு முன்னால மானம் போகுது!" என்று பதறினார் பெரியம்மா.

"போகட்டும் அக்கா. எனக்குக் காணி வேணும்." அம்மா மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பினார். "மழைக்கு இது முழுக்க ஒழுகும் எண்டு சொல்லுங்கோ தம்பி. எங்கட கிணத்தை வேலிக்கு வெளியில நிண்டு காட்டுறன், வாகனத்தில ஏறச் சொல்லுங்கோ."

அம்மையார் அப்போதுதான் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். நான் சிதறிய ஊசிகளைப் பொறுக்கியபடி அழுதேன். இரண்டு நாள் அம்மாவோடு கதைக்கவில்லை.

சில மாதம் கழித்து மாமா தொலைபேசியில் கூவினார்: எங்கள் ஒழுகும் கூரையைப் பற்றி அம்மையார் பாராளுமன்றத்தில் பேசிவிட்டாராம். கனடா முழுக்கத் தெரிந்துவிட்டதே என்று நான் மறுபடி அழுதேன். அடுத்த வருடம் கிணற்றோடு பாதிக் காணியை விட்டார்கள். அந்தப் பேச்சால்தானா என்பது யாருக்கும் தெரியாது. மிச்சப் பாதிக்காக அம்மா இன்றும் மனு எழுதுகிறார்.

அம்மா துணியை இழுத்தது கோபத்தில் என்றுதான் அன்று நினைத்தேன். அங்கே இருந்த எல்லாரிலும் அதிகம் வெட்கப்பட்டவர் அம்மாதான் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.