நசுங்கிய மவுத்தார்கன்

பழைய மவுத்தார்கன்களைத் தேடிச் சேர்ப்பவன் நான். ஈஜோக் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலுக்கு இருந்த வயதான அம்மா ஒருவரிடம் ஒன்று இருந்தது. நரைத்த கொண்டைக்கு மேல் தொப்பியும், காலில் கனத்த பூட்ஸுமாக உட்கார்ந்து வாசிப்பார். நடுநடுவே சத்தம் நின்றுவிடும். அங்கெல்லாம் தரையில் ஓங்கி மிதிப்பார். தாளம் போடுகிறார் என்றே நினைத்தேன்.

கையில் வாங்கிப் பார்த்தேன். தகடு நசுங்கி, இரண்டு சுரம் ஊமையாகியிருந்தது.

“குடுங்கம்மா, சரி பண்ணித் தர்றேன்.”

“கைய வைக்காத தம்பி. ரப்பர் தோட்டத்துல, காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல வாசிச்சேன்னு வேலை வாங்குற மண்டோர் புடுங்கி மிதிச்சது. பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இதுன்னான்.”

“அதுக்காக இப்படியே வச்சிருக்கணுமா?”

“அவன் மிதிச்ச எடம் வந்தா இப்ப நான் மிதிக்கிறேன்லா.”

வீட்டில் நான் நசுங்கல் எடுத்து அடுக்கியவை எல்லாம் பளபளக்கின்றன. எதை யார் மிதித்தார்களோ!