இருபத்தொரு முடிவும் ஒரு குண்டூசியும்

"…ஆக, இருபத்தோரு பேரு என் கதைக்கு முடிவு எழுதியாச்சு, நான் எழுதுனத மட்டும் ஊர்ல ஒருத்தரும் படிக்கல. இதச் சொல்லத்தான இம்புட்டு நேரமா தண்ணி தண்ணியா குடிச்சிக்கிட்டு நிக்கீய, தம்பி?" என்றார் அந்த அக்கா.

எனக்கு அது மூன்றாவது டம்ளர். வீட்டில் மிச்சமிருந்ததே அந்த ஒரு டம்ளர்தான். மற்றதெல்லாம் மூட்டைக்குள் போய்விட்டது. அக்காவின் கணவருக்குத் திருச்சிக்கு மாற்றல், மறுநாள் ரயில். ஹைதராபாத் பக்கம் ராமச்சந்திராபுரம் குவார்ட்டர்ஸில் அந்த முன்னறை முழுக்கப் பெட்டியும் படுக்கையும். ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் எங்கள் பத்திரிகை. நான் நின்றுகொண்டிருந்தேன். உட்கார இன்னொரு பெட்டி இருந்தது. தைரியம்தான் இல்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பக்கம் எனக்கு வேலை. பள்ளிப் படிப்பு பத்தாவதோடு சரி. மீதியைப் பொட்டலம் கட்டி வந்த காகிதங்களில் படித்தேன். இப்படிப்பட்ட என்னை ஆசிரியராக்கியது எங்கள் தமிழ் மன்றக் கூட்டம். "பத்திரிகைக்கு ஆசிரியர் யார்?" என்று செயலாளர் கேட்டதும் விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். நான் செயலாளரைப் பார்த்துவிட்டேன். எனக்கு எழுத வராது சார் என்று மன்றாடினேன். கும்பகோணத்துக்காரரான அவர் விடவில்லை.

"எழுத வரணும்னு யார் ஓய் சொன்னா? மாப்பிள்ளைத் தோழனாட்டம் கூட நில்லும். தாலி வேற யாராவது கட்டுவா."

நின்றேன். ஆறு வருஷம் நின்றேன். அந்த வேலையைப் போல என்னைச் சிரிக்க வைத்த வேலை எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை.

பத்திரிகை என்றால் அச்சடித்தது அல்ல, கையெழுத்துப் பத்திரிகை. மாதம் ஒன்று, பிரதியும் ஒன்றே ஒன்று. டிராயிங் ஆபீஸ் நண்பர் ஒருவர் படம் வரைகிற கறுப்பு மையால் எல்லாவற்றையும் அழகாக எழுதிக் கொடுப்பார். ஓட்டை போட்டு டேக் கோத்துக் கட்டிவிடுவேன். இருபத்துமூன்று வீடுகள், வீட்டுக்கு ஒரு நாள். யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்பதை மாதாமாதம் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோம். கடைசிப் பத்துத் தாள்கள் வெறுமையாக இருக்கும்; படித்தவர்கள் மனசில் பட்டதை அதில் எழுதலாம். பத்திரிகையில் எல்லாரும் விழுந்து விழுந்து படிப்பது அதைத்தான்.

ஆசிரியர் வேலை என்பது முக்கால்வாசி கெஞ்சல். கவிதை எழுதும் வெல்டர் ஒருவர் இருந்தார். எப்போது கேட்டாலும், "வேலை முடிஞ்சு கை சூடா இருக்கறப்ப வராது சார், ஆறட்டும்" என்பார். ஆறிய பிறகு கேட்டால், ஆறினதை எப்படி சார் குடுக்கறது என்பார். இந்த மாதிரி பேச்சுக்களை நான் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். என் சொத்து என்று சொல்ல இன்றைக்கும் அந்த நோட்டுத்தான் இருக்கிறது.

கெஞ்சாமல் வந்தது அக்காவின் தொடர்கதை ஒன்றுதான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஃபோர்மேன் ஒருவரின் மனைவி. அதற்கு முன்னால் அவர் எழுதியது கடுதாசியும் மளிகைச் சீட்டும். ஒரு நாள் முதல் அத்தியாயத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். குலுக்கலில் அவர் பெயர் வேண்டாம், எப்போதும் அவர் வீடு கடைசியாகவே இருக்கட்டும். ஏன் என்று கேட்டேன்.

"நான் எழுதுனது எனக்குத் தெரியாதா தம்பி? படிச்சவுக என்ன சொல்லுதாகன்னு பாக்கத்தான எழுதுதேன். எல்லாரும் எழுதி முடிச்ச பொறவு எங்கிட்ட வரட்டும்."

கதை இதுதான். கல்யாணமான புதிதில் ஒருவன் வெளியூர் வேலைக்குப் போகிறான். இரண்டு வருஷம் ஒரு கடிதம் கிடையாது. அவள் அழுது முடித்து, டீச்சர் வேலைக்குப் போய், தனி வீடு பார்த்து, நிம்மதியாக இருக்கிறாள். ஏழாவது அத்தியாயத்தின் கடைசி வரி: 'கதவு தட்டப்பட்டது.' அந்த மாதம் எங்கள் குடியிருப்பு இரண்டாகப் பிரிந்தது. திறக்கணும் என்று ஒரு கட்சி, கூடாது என்று ஒரு கட்சி. கான்டீன் வரிசையில் தட்டை ஏந்திக்கொண்டு சண்டை போட்டார்கள். எட்டாவது அத்தியாயம்தான் முடிவு. அதற்குள் திருச்சி மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. இந்த இதழ் சுற்றி வந்ததும் அக்கா ஊரை விட்டுப் போகிறார். தன் முடிவைப் பற்றி இந்த ஊர் என்ன சொல்லிற்று என்று தெரிந்துகொள்ள அவருக்கு இருந்தது இந்த ஒரு சுற்றுத்தான்.

அந்தச் சுற்றைத்தான் நான் கெடுத்தேன்.

எட்டாவது அத்தியாயத்தின் முன்பாதி நேரத்துக்கு வந்து, டிராயிங் ஆபீஸ் நண்பரும் எழுதிவிட்டார். பழைய கதையெல்லாம் திரும்ப வந்து, அதே தட்டலில் வந்து நிற்கும். முடிவு இருந்த கடைசித் தாளை அக்கா தன் கணவரிடம் காலையில் கொடுத்தனுப்பியிருக்கிறார். அவர் அதை டிபன் கேரியரின் மேல் அடுக்கில் வைத்து, நாள் முழுக்க மறந்து, சாயங்காலம் சங்கு ஊதின பிறகு பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடி வந்து நீட்டினார். படித்தீர்களா சார் என்று கேட்டேன். "நான் கதையெல்லாம் படிக்கிறதில்லப்பா. எழுதுதவ கூட இருக்கேம்லா, அது போதாதா?" என்றார். நோட்டில் ஏற்றினேன்.

அந்த மாதக் குலுக்கலில் முதல் சீட்டு செகந்திராபாத் அண்ணனுக்கு விழுந்திருந்தது. வெள்ளைக்காரன் காலத்திலேயே அங்கே குடியேறிய குடும்பம். தினமும் கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவர். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஓட்டை போட நேரமில்லை, படிக்கவும் நேரமில்லை. சட்டைப் பையில் இருந்த குண்டூசியால் தாளைக் குத்தி, ஜன்னல் வழியாக அண்ணன் கையில் திணித்தேன். ஆசிரியர் படிக்காமல் வெளியிட்ட ஒரே பக்கம், ஆசிரியர் படித்தே ஆகவேண்டியிருந்த பக்கம்.

ஒரு வாரம் கழிந்திருக்கும். செயலாளர் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். என்ன துணிச்சல், முடிவே போடாமல் வாசகர் கையில் விட்டுவிட்டீரே, இப்படி ஒரு யோசனை யாருக்கு வரும் என்று புகழ்ந்து தள்ளினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் புகழ்ச்சி வரும்போது கேள்வி கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டேன். கான்டீனில் இரண்டு பேர் கைகுலுக்கினார்கள். ராத்திரி சாப்பிடக் கை வைத்தபோதுதான் சோற்றுக்குள்ளிருந்து குண்டூசி என்னைக் குத்தியது மாதிரி இருந்தது.

பத்திரிகை இருந்த வீட்டுக்கு ஓடினேன். தாள் இல்லை. 'கதவு தட்டப்பட்டது' என்பதோடு கதை நிற்க, அடுத்தது வெற்றுத் தாள்கள். ஊர் என்ன செய்யும்? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று ஆளாளுக்கு முடிவை ஊற்றிவிட்டார்கள்.

கேட்டில் காவலுக்கு நிற்பவர் எழுதியிருந்தார்: அவள் ஜன்னல் வழியாக கேட் பாஸ் கேட்டாள், அவனிடம் இல்லை, திருப்பி அனுப்பினாள். இன்ஸ்பெக்ஷன்காரர் முடிவில் அவள் கதவைத் திறந்து, அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, 'சரிசெய்து மீண்டும் கொண்டுவரவும்' என்று சொல்லிவிடுகிறாள். கான்டீன் மேற்பார்வையாளர் அவனுக்கு உப்பில்லாத உப்புமா போட்டார். செயலாளரோ நாலு பக்கம். அவன் ரகசிய தேச சேவைக்குப் போனவன் என்று தெரிந்து, மாலை போட்டு, நன்றியுரையோடு முடிந்தது. ஒரு வீட்டில் அப்பா 'மன்னித்துத் திறந்தாள்' என்று எழுத, தமிழ் எழுதத் தெரியாத மகள் அதற்குக் கீழேயே தெலுங்கில், நான்னா, அதாவது அப்பா, சொல்வது தப்பு, பூட்டைப் போட்டாள் என்று எழுதியிருந்தாள். எனக்குப் பிடித்தது ஓர் அம்மாள் எழுதிய இரண்டு வரி: 'திறக்கட்டும். அவன் இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டான், அவள் ஒரு மணி நேரமாவது எடுத்துக்கொள்ளட்டும்.'

அங்கேயே நின்று சிரித்தேன். பிறகு அக்கா ஞாபகம் வந்தது, சிரிப்பு நின்றது.

அக்காவிடம் இன்னொரு தரம் எழுதிக் கேட்கத் தைரியம் வரவில்லை; விசாரித்தால் யாருக்கும் தெரியவில்லை. செகந்திராபாத் அண்ணனைக் கேட்டால், எனக்கென்ன தெரியும் என்றார். என்னைப் பார்த்ததும் பஸ்ஸின் பின்பக்கமாக ஏற ஆரம்பித்தார். சுற்று முடிகிற வாரத்தில் ஒரு நாள் அவரைக் கான்டீன் மூலையில் மடக்கி, அக்கா ஊருக்குப் போகிற கதையைச் சொன்னேன். ஆள் கரைந்துவிட்டார்.

"ஹவ், ஆமா, நான்தான். பேப்பர் பறந்துருச்சு. யார்கிட்டயும் சொல்ல நக்கோ, பாய்."

நடந்தது இது. அவர் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்காருகிறவர். டிரைவர் ஹைதராபாத் பழைய நகரத்துக்காரர், தமிழ் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் அண்ணன் ஏழு மாதமாக அவருக்குக் கதையை வரிக்கு வரி தங்கள் ஊர் உருதுவில் சொல்லி வந்திருக்கிறார். கடைசி மாதம் முழுக்க டிரைவர் ஏறும்போதும் இறங்கும்போதும், கதவைத் திறந்தாளா ஸாப் என்று நச்சரித்திருக்கிறார். அன்றைக்கு அண்ணன் முடிவுத் தாளைத் தனியாக உருவிக் கையில் வைத்துக்கொண்டு சொல்லி முடிக்க, டிரைவர் சிரித்த சிரிப்பில் பிரேக்கை மிதித்துவிட்டார். தாள் ஜன்னல் வழியாக ஒரு திராட்சைத் தோட்டத்துக்குள் போனது. மற்றவர்களை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, இருட்டுகிற வரை இரண்டு பேரும் பந்தலுக்குக் கீழே தேடியிருக்கிறார்கள்.

முடிவு என்ன என்று கேட்டேன். கண் படிக்க வாய் மொழிபெயர்த்தது, தனக்கு எங்கே மனசில் நின்றது, டிரைவரைக் கேள் என்றார்.

கேட்டேன். டிரைவர் வாயால் சொல்லவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கினார். என்னை மூடின பஸ் கதவுக்கு முன்னால் நிறுத்தி, தட்டு என்றார். தட்டினேன். அவர் பஸ்ஸின் பின்பக்கமாகச் சுற்றி மறைந்தார். அந்தப் பெண் புழக்கடை வழியாக வெளியேறி, வீட்டைச் சுற்றி வருகிறாளாம். வந்து, யாரோ வழிப்போக்கர் மாதிரி என் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்க்காமல் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, பாவம் போல, "அந்தர் கோயி நை லக்ரா ஜீ" என்றார். உள்ளே யாரும் இல்லை போலிருக்கிறதே. சொல்லிவிட்டு அந்தப் பெண்ணாகவே விடுவிடுவென்று நடந்து போனார். பத்தடி போனதும் டிரைவராகி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

திறக்கணும், கூடாது என்று ஊரே அடித்துக்கொண்டதே, புழக்கடைக் கதவு ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தனை குவார்ட்டர்ஸிலும் வீட்டுக்கொன்று இருந்தது.

இதையெல்லாம் சொல்லத்தான் ரயிலுக்கு முதல் நாள் சாயங்காலம், சங்கு ஊதும் முன்பே பர்மிஷன் கேட்டுக்கொண்டு, அக்கா வீட்டுக்குப் போனேன். பாதி சொல்வதற்குள் மூன்று டம்ளர் காலியானது. அக்கா கேட்ட கேள்விக்கு ஆமாம் என்று தலையாட்டினேன். என் தப்புத்தான் அக்கா, படிக்காமல் குண்டூசி குத்தினேன் என்றேன். அவர் மடியில் இருந்த இதழை மூடினார். முகத்தில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருக்கலாம். பந்தியில் கடைசி வரிசைக்காகக் காத்திருந்து, இலை தீர்ந்துவிட்டது என்று கேட்டவர் மாதிரி இருந்தார்.

ஒருத்தர் மட்டும் கேட்டிருக்கார் அக்கா என்றேன். டிரைவர் கதையைச் சொன்னேன். திராட்சைத் தோட்டத்தைச் சொன்னேன். அவர் சுற்றி வந்ததையும் தட்டினதையும் அவர் சொன்ன அந்த வரியையும், எனக்கு வந்த அரைகுறை உருதுவில் சொல்லிக் காட்டினேன். அக்காவின் கண் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"சிரிச்சாரா?"

"பஸ்ஸையே நிறுத்திட்டாரு அக்கா."

"எங்கன வச்சு சிரிச்சாரு? அவ சுத்தி வரும்பமா, இல்ல, ஆளில்லைன்னு சொன்ன பொறவா?"

நானே சிரித்துக்கொண்டிருந்ததில் அதைக் கேட்க விட்டுப்போயிற்று என்றேன். நீரும் ஒரு ஆசிரியரா என்கிற மாதிரி அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். இன்னும் கால் மணி இருக்கிறது என்றேன்.

பெட்டியிலிருந்து எழுந்தார். உள்ளே பார்த்து, அடுப்பில் சோறு இருக்கு, பாத்துக்கிடுங்க என்று கணவருக்குக் குரல் கொடுத்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு செருப்பை மாட்டினார். மூட்டை முடிச்சுகளைத் தாண்டி முன்வாசலுக்குப் போவதைவிடச் சுருக்கு என்று புழக்கடை வழியாகவே இறங்கி நடந்தார். நான் இதழைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

பஸ் காலியாக நின்றது. டிரைவர், மூடின கதவுக்கு எதிரே, துணியால் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்காவை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. அக்கா நேராக அவரிடம் போகவில்லை. பஸ்ஸின் பின்பக்கமாகச் சுற்றி வந்து, யாரோ வழிப்போக்கர் மாதிரி அவர் பக்கத்தில் நின்று, தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, காய்கறிக்காரனிடம் கற்ற உருதுவைத் திரட்டிக்கொண்டு அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்து, "அந்தர் கோயி நை லக்ரா ஜீ" என்றார்.