மாரு கடித்த வயர்

என் ஒன்பதாவது வயதில் ஒரு சாமியின் வீட்டை எரித்தேன். தீக்குச்சியைக் கிழித்தவர் அம்மா. இருந்தாலும் எரித்தது நான்தான்.

அப்போது அஜ்மானில் ஒரு ஜப்பான்காரர் வீட்டில் அப்பா சமையல் வேலை பார்த்தார். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை கட்ட வந்த இன்ஜினியர் அவர். காம்பவுண்டின் பின்மூலையில் எங்களுக்கு ஓர் அறை. அம்மா அதே வீட்டில் துணி துவைத்தார். நான் வேனில் ஷார்ஜாவுக்குப் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதை அப்பா முடிவெட்டுகிறவர் வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். எனக்கும் அதில் தலை கொஞ்சம் கனத்துத்தான் கிடந்தது.

இன்ஜினியரின் மனைவியை மேடம் என்போம். அவருக்கு இரண்டு காரியங்கள் முக்கியம். ஒன்று, ஜப்பானிலிருந்து கொண்டுவந்த நாய் மாரு. செம்பட்டை நிறம், முதுகின்மேல் சுருண்ட வால். குரைப்பதே அபூர்வம். மணல் சூடேறுவதற்கு முன்னால் அதைக் கழிமுகத்துக்குக் கூட்டிப்போய், அலையாத்திச் செடிகளுக்கு நடுவே நிற்கும் கொக்குகளை இருவரும் ஒன்றாக வேடிக்கை பார்ப்பார்கள். இன்னொன்று, ஹால் அலமாரியின் உச்சியில் இருந்த சாமி வீடு. அவர் ஊரில் கோயில் காட்டுக்குள் இருக்குமாம். வாரம் தவறாமல் மாருவோடு அங்கே நடந்து போவாராம். இங்கே கோயிலும் இல்லை, காடும் இல்லை. அதனால் இந்தச் சின்ன மர வீடு. பூச்சில்லாத மரம், குட்டிக் கதவுகள், மேலே மின்னல்போல மடித்த வெள்ளைக் காகிதத் தொங்கல்கள். முன்னால் மூன்று கிண்ணங்களில் அரிசி, உப்பு, தண்ணீர். மேடம் தினமும் காலையில் குனிந்து, இரண்டு முறை கைதட்டிக் கும்பிடுவார்.

ஆகஸ்டில் இன்ஜினியரும் மேடமும் லீவுக்கு ஊருக்குப் போனார்கள். கிளம்புமுன் மேடம் ஆங்கிலத்தில் ஒரு தாள் எழுதி, அப்பாவிடம் கொடுக்காமல் என் கையில் கொடுத்தார். அன்று நான் தரையில் நடக்கவில்லை. சமையலறையில் அப்பாவையும் அம்மாவையும் உட்காரவைத்து வாத்தியார்போல வாசித்தேன். மாருவுக்கு உப்பில்லாத மீனும் சோறும். ஹாலில் ஏசி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சாமிக்குத் தினமும் அரிசி, உப்பு, தண்ணீர் மாற்ற வேண்டும். எல்லாம் சரியாகப் போயிற்று. கடைசி வரியின் முதல் சொல் மட்டும் ரயில்போல நீளமாக இருந்தது. என் வாய் அதற்குள் நுழையவில்லை.

"கடைசியில என்ன ஆத்தா போட்டிருக்கு?" என்றார் அப்பா.

"நன்றின்னு போட்டிருக்குப்பா."

"பாத்தியா! வேலைக்காரனுக்கும் நன்றி சொல்றாங்க" என்று அம்மாவைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை காலை அப்பா மீன் வாங்கப் போயிருந்தார். அம்மா ஹாலைத் துடைத்துவிட்டுச் சாமி வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா ஒரு சூடம்கூட இல்லாம இருட்டுக்குள்ள கெடக்கே. வெளக்கு வேணாம்னு அதுல எழுதியிருக்கா புள்ள?"

"அப்படியெல்லாம் எழுதல."

"நல்லாப் பாத்தியா?"

"எனக்கு வாசிக்கத் தெரியாதா?" என்று சிலிர்த்துக்கொண்டேன்.

அம்மா ஸ்டூலில் ஏறி, உப்புக் கிண்ணத்தில் கற்பூரம் வைத்துக் கொளுத்தினார். ஏசிக் காற்றில் காகிதத் தொங்கல் ஒன்று ஆடிவந்து சுடரைத் தொட்டது. அவ்வளவுதான். கதவு, கூரை என்று தீ விறுவிறுவென ஏறியது. குரைக்காத மாரு தொண்டை கிழிய ஊளையிட்டது. அம்மா அதன் தண்ணீர்ச் சட்டியைத் தூக்கி அப்படியே வீசினார். தீ அணைந்தபோது ஒரு கதவும் பின்சுவரும்தான் மிஞ்சியிருந்தன.

நான் தாளை எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்கு ஓடினேன். அந்த நீளச் சொல்லைத் தாண்டி அப்போதுதான் பார்த்தேன். அடுத்த சொல் 'நோ'. அதற்கடுத்தது 'ஃபயர்'. இரண்டுமே நான் ஒன்றாம் வகுப்பில் படித்த சொற்கள். தாளை மடித்துப் பாவாடைக்குள் செருகினேன். யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா வந்து பார்த்தார். திட்டவில்லை. மீன் பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

"இன்ஜினியர் சார் நமக்கு விசா குடுத்த கஃபீல்ட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். விசா கேன்சல். மூணு பேரும் பெட்டியக் கட்ட வேண்டியதான்."

"ஊருக்குப் போனா இவ படிப்பு?" என்றார் அம்மா.

"அண்ணன் புள்ளைகளோட செங்கச் சூளையில நிக்கட்டும். வேற என்ன?"

"மாரு வயரைக் கடிச்சு நெருப்புப் பிடிச்சுதுன்னு சொல்லிடலாம்" என்றேன். குடும்பத்தில் படித்தவள் நான்தானே.

அலமாரியின் பக்கவாட்டில் ஒரு விளக்கின் வயர் தொங்கியது. அப்பா பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கத்தியால் வெட்டப் போனார். "கத்தி வெட்டு தெரியும்ப்பா" என்றேன். என்னைப் பார்த்துக்கொண்டே கத்தியைக் கீழே வைத்தார். பிறகு வயரை வாயில் வைத்துக் கடிக்கத் தொடங்கினார். மாரு எதிரே உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, கவனமாகப் பார்த்தது.

அடுத்த பத்து நாட்கள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கற்பூர வாசனை போகாத கிண்ணத்தைக் கழுவி, கருகிய வீட்டின் முன் வைத்து, தினமும் கைதட்டிக் கும்பிட்டேன். அந்தச் சாமிக்கு உருவம் கிடையாது. எந்த முகத்தை நினைத்து மன்னிப்புக் கேட்பது என்று தெரியாததே பெரும் கிலியாக இருந்தது. கழிமுகத்துக்கு நடக்கும்போது மாரு திரும்பிப் பார்த்தால் நான் வேறு பக்கம் பார்ப்பேன். இதற்கு எல்லாம் தெரியும், மேடத்தோடு இதற்கு ஏதோ பாஷை இருக்கிறது, வந்ததும் சொல்லிவிடும் என்று நம்பினேன்.

அவர்கள் வந்தார்கள். மாரு மேடத்தின் மேல் பாய்ந்து விழுந்து புரண்டது. அவர் நிமிர்ந்ததும் அலமாரியைப் பார்த்தார். நான் முன்னால் போய், மனப்பாடம் செய்திருந்த ஆங்கிலத்தை ஒப்பித்தேன். மாரு கடித்தது, தீ வந்தது, அம்மா அணைத்தார்.

மேடம் வயரை எடுத்துப் பார்த்தார். மாருவின் வாயைத் திறந்து பார்த்தார். பிறகு உப்புக் கிண்ணத்தை எடுத்து முகர்ந்தார். அம்மா என் தோளைப் பிடித்திருந்த பிடியில் எலும்பு வலித்தது. மேடம் கிண்ணத்தை வைத்துவிட்டு, அம்மாவை, அப்பாவை, கடைசியாக என்னைப் பார்த்தார். பின் கணவரிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். இரண்டு வாக்கியம் இருக்கும். இன்ஜினியர் மாருவை முறைத்தார்.

"டாக் அவுட்சைட். ஒன் வீக். கலாஸ்." அதற்குமேல் பேச்சில்லை என்று அர்த்தம்.

மாருவைக் கார் ஷெட்டில் கட்டினார்கள். தகரக் கூரை, ஆகஸ்ட் வெயில். ஆலை சைட்டில் வெயிலுக்காக மதிய ஓய்வு என்பதால் பன்னிரண்டிலிருந்து நாலு வரை இன்ஜினியர் வீட்டில்தான் இருப்பார்; மாருவை உள்ளே விட முடியாது. அந்த நாலு மணி நேரமும் மேடம் ஷெட்டுக்கு வந்து, மாருவின் பக்கத்தில் சிமென்ட் தரையில் உட்காருவார். ஈரத்துண்டால் அதைத் துடைப்பார். விசிறுவார். அவர் முகம் வெந்து சிவந்திருக்கும். இவ்வளவு பாசம் இருக்கிறவர் புருஷனிடம் நாய்க்காக ஒரு வார்த்தை பேசக்கூடாதா என்று எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது.

மூன்றாம் நாள் மாரு தலையைத் தூக்கவில்லை. செத்துவிடுமோ என்ற பயத்தில் ஐஸ் தண்ணீர் கொண்டுபோனேன். மேடம் இரண்டு கையாலும் வாங்கி, ஒரு வாய்கூடக் குடிக்காமல் முழுவதையும் மாருவின் சட்டியில் ஊற்றினார். அது நக்கத் தொடங்கிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"ஸ்கூல் எப்போது திறக்கும்?"

"சனிக்கிழமை, மேடம்."

"தினமும் போ" என்றார். "ஒரு நாளும் விடாதே."

சரி என்று தலையாட்டிவிட்டு, ஓட்டமாக எங்கள் அறைக்கு வந்தேன். அம்மா கதவிடுக்கில் பார்த்துக்கொண்டே நின்றிருந்தார்.

"என்னடி கேட்டாங்க?"

"ஸ்கூல் எப்பத் திறக்கும்னு கேட்டாங்க, அவ்வளவுதான்" என்றேன் மூச்சு வாங்க. "பயப்படாதம்மா. மேடத்துக்கு ஒண்ணுமே தெரியாது."