பெயர்ப் பெட்டியை எடுத்த கதை

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் வாத்தியாராக இருக்கிறேன். ஆசிரியர்களும் ஊழியர்களும் லீவு போடும் வெப்சைட்டை எழுதியதும் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இப்போது குறைந்திருக்கிறது.

முதலில் விண்ணப்பத்தில் பெயர் எழுத ஒரு பெட்டி இருந்தது. யார் பெயரில் யார் வேண்டுமானாலும் லீவு போடலாம். இது என்ன கூத்து என்று பெட்டியைத் தூக்கிவிட்டேன். லாகின் செய்து உள்ளே வந்திருப்பவர் யார் என்பதுதான் சர்வருக்குத் தெரியுமே; அதையே கேட்டு எழுதிக்கொள்ளும்படி மாற்றினேன். திரையில்கூடப் பெயரைக் காட்டவில்லை. தான் யார் என்று தெரியாமலா ஒருவர் லீவு போட வருவார்?

ஆனால் எங்கள் ஸ்டாஃப் ரூமில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். லேப் உதவியாளர் அக்கா காலையில் முதல் ஆளாக வந்து, லாகின் செய்து, தன் வருகையைப் பதிந்துவிட்டுப் போவார். லாகவுட் செய்யமாட்டார். செய்தால் அடுத்து வருகிறவர் பாஸ்வேர்டைத் தேட வேண்டுமே என்ற நல்ல மனசு. அப்புறம் நாள் முழுக்கப் போகிறவர் வருகிறவர் எல்லாம் அதிலேயே லீவு போடுவார்கள். முதல்வரும் படிக்காமலே சம்மதம் தட்டிவிடுவார்.

ஒருநாள் அக்கா என் மேஜைக்கு வந்து நின்றார். வெள்ளிக்கிழமை பேரையூரில் குலதெய்வக் கோயிலில் அவர் மகளுக்குக் காதுகுத்து. சர்வரோ, அவருக்கு உண்டான பன்னிரண்டு நாள் லீவும் தீர்ந்துவிட்டது என்கிறது.

"நான் ஒரு நாள்கூடப் போடலயே தம்பி! பெத்தவ இல்லாம காது குத்துவாகளா?"

கண் கலங்கிவிட்டது அவருக்கு. அந்தக் கம்ப்யூட்டரில் யார் போட்ட லீவும் அக்கா பெயரில்தான் விழுந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இருவரும் முதல்வரிடம் போனோம். அவர் லீவுப் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கே வந்து, எல்லோர் முன்னாலும் காரணங்களை வாசித்தார். "மூட்டு வலி." தமிழ் வாத்தியார் கை தூக்கினார். "மாமனார் வீட்டுக் கிடா வெட்டு." கணக்கு வாத்தியார். இப்படியே பதினொரு நாளுக்கும் ஆள் கிடைத்தது. கடைசியில் முதல்வர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

"மனைவிக்கு வளைகாப்பு. இது யாரும்மா?"

அறையே சிரித்தது. சர்வரைக் கேட்கத் தேவையே இருக்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். காது சூடாக, மெதுவாகக் கை தூக்கினேன்.

அன்றைக்கே பன்னிரண்டு நாளும் அக்கா கணக்குக்குத் திரும்பின. லீவு போடும்போதெல்லாம் பெயரைக் கொட்டை எழுத்தில் காட்டி, 'இது நீங்கள்தானா?' என்று கேட்கும்படியும் செய்தேன். பிறகு அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"வளைகாப்புக்கு என்னைய ஒரு வார்த்தை கூப்பிடல. என் லீவ மட்டும் கூட்டிட்டுப் போயிருக்கீக."

வெள்ளிக்கிழமை பேரையூர் காதுகுத்துக்கு நானும் போனேன், என் லீவில்.