கடைசிப் பக்கங்களுக்கு ஊக்கு குத்திய மரகதம் அக்கா

எங்கள் கம்பெனி வாட்ச்மேன் கேட்டை விட்டு உள்ளே வரமாட்டார். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் அங்கிருந்தே ஒரு குரல் கொடுப்பார். அன்றைக்கு அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மிஷின்களுக்கு நடுவே நடந்து வந்தார். என் பக்கமாகத்தான் வருகிறார் என்று தெரிந்ததும் சுற்றிக்கொண்டிருந்த கம்பியை அறுத்துவிட்டு எழுந்தேன். "மரகதத்தோட மருமகன் வந்துகீறாரும்மா" என்றார். மரகதம் அக்கா போய்விட்டார் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அக்காவைப் பற்றி எழுதித் தரச் சொன்னவர், ஓ.டி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகை நூல் நிலையம் வைத்திருப்பவர். காரியத்தன்று எல்லோரும் கூடும்போது படிக்கலாம் என்றார். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். அக்காவைத் தெரிந்தவர்கள் நடுவில்தான் இது படிக்கப்படும் என்பதால் துணிந்து எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்கும் கம்பெனிக்கும் அலைந்த அசதி இன்னும் காலை விட்டுப் போகவில்லை.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நானும் அக்காவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றினோம். கண்ணும் கையும் கம்பியில் இருக்க வேண்டும். வாய்க்கு வேலை இல்லை. மற்றவர்கள் சினிமா பேசுவார்கள், மாமியாரைப் பேசுவார்கள். அக்கா படித்த புத்தகத்தைப் பேசுவார். சும்மா பேசமாட்டார், நம்மைப் படிக்க வைக்காமல் விடமாட்டார். "கோவிந்து, இந்த ராஜா கதையப் படிமே. மொத நாப்பது பக்கம் குதிர ஓடிகினே இருக்கும், பொறுத்துக்கோ. அது நிக்கிற எடத்துல பாரு, நீயும் கூடவே எறங்கிடுவ" என்பார். துப்பறியும் கதை என்றால், "கொலைகாரன் யாருன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா அந்த டாக்டர மட்டும் நம்பாத" என்பார். பெஞ்சே சிரிக்கும். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவருக்குக் கடைசிவரை புரிந்ததில்லை.

சமையல் புத்தகத்தைக் கூட விடமாட்டார். என் வீட்டுக்காரர் வேலை செய்த கம்பெனியைப் பூட்டிய வருடம் அது. வீட்டில் கஞ்சிதான். அந்த நேரம் பார்த்து ஒரு சமையல் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "முந்திரிப்பருப்புக்கு நான் எங்கக்கா போவேன்?" என்றேன். "செய்யறதுக்காடி குடுத்தேன்? படிக்கக் குடுத்தேன். கதை எழுதறவன்லாம் நம்மள அயுவ வெக்கிறான். இதுல பாரு, எத்தினி கலாட்டா நடந்தாலும் கடைசில 'சூடாகப் பரிமாறவும்'னுதான் முடியும்" என்றார். அன்று ராத்திரி கஞ்சி குடித்துவிட்டு ரவா கேசரியைப் படித்தேன். அவர் சொன்னது சரிதான். அது நல்லபடியாக முடிந்தது.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். விரலை வரியில் வைத்து நகர்த்த வேண்டும். வெட்கப்பட்டு ஒருநாள் புத்தகத்தை முந்தானைக்குள் மறைத்தேன். அக்கா பார்த்துவிட்டார். "மெதுவா படிச்சா இன்னா? பஸ்ல போறவன் இன்னாத்தப் பாக்குறான்? நடந்து போறவன்தான் வழில கீறத எல்லாம் பாக்குறான்" என்றார். அதற்கப்புறம் நான் மறைக்கவில்லை.

அவர் பரிந்துரை எல்லாம் சரியாகவே போனது என்று சொல்லமாட்டேன். பேக்கிங் செக்‌ஷன் லட்சுமிக்கு ஒரு பேய்க் கதையைக் கொடுத்தார். "வெய்யிலுக்கு நல்லது, உள்ள சில்லுனு இருக்கும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். லட்சுமி படித்தாள். அதோடு ஷிப்டு விட்டு ஏரிக்கரை வழியாக வீட்டுக்குப் போகமாட்டேன் என்று கேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பயம் தெளிகிற வரைக்கும் அக்காதான் கூடவே நடந்து கள்ளிக்குப்பத்தில் விட்டுவிட்டு வந்தார். நான் கிண்டல் செய்தேன். "பேய நான்தானே குடுத்தேன். நான்தான் கூட போவணும்" என்றார். போகிற வழியிலேயே அவளுக்கு அடுத்த புத்தகத்தையும் சொல்லிவிட்டார்.

இனி ஊக்கு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. புத்தகத்தைக் கையில் வாங்கியதும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவேன். முடிவு நல்லது என்று தெரிந்தால்தான் என்னால் தைரியமாகப் படிக்க முடியும். வீட்டில் அடுத்து என்ன வருமோ என்று பயந்தது போதாதா, புத்தகத்திலும் பயப்பட வேண்டுமா என்று இருக்கும். அக்காவுக்கு இது ஆகவே ஆகாது. அவர் கண்ணாடி வளையலில் எப்போதும் சேலை ஊக்குகள் கொத்தாகத் தொங்கும். அதில் ஒன்றைக் கழற்றி, கடைசிப் பக்கங்களைச் சேர்த்துக் குத்திவிட்டுத்தான் புத்தகத்தை என்னிடம் தருவார். "இது வரிக்கும் வந்து சொல்லு. நான் கயட்டி உடறேன்" என்பார்.

நூல் நிலையத்துக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். "மரகதம்மா, புக்குல ஓட்ட போடாதீங்கம்மா!" என்பார். "ஓட்ட போட்ட புக்குதான் சார் கைமாறுது. உங்க ரேக்குல கீற மத்ததெல்லாம் பல்லிதான் படிக்குது" என்பார் அக்கா. அவரும் சிரித்துவிட்டு, நான் முடிக்காமலே திரும்பி வந்த புத்தகத்தில் இருக்கும் ஊக்கைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டுக்கொள்வார்.

அக்காவின் வீட்டுக்காரரைப் பற்றி நான் சொல்லலாமா என்று தெரியவில்லை. ஆனால் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது விட்டுவிட்டுப் போனவர் அவர். பல வருடம் கழித்து ஒரு பொங்கலன்று பையோடு வாசலில் வந்து நின்றார். அக்கா உட்கார வைத்துச் சோறு போட்டார். கை கழுவத் தண்ணீர் கொடுத்தார். அப்புறம் பையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டார். தெருவே திட்டியது. நானும்தான் திட்டினேன். "திரும்பி வந்த மனுஷன சேத்துக்கினா இன்னாக்கா?" என்றேன். "சோறு யாருக்கு வேணாலும் போடலாம் கோவிந்து" என்றார். அவ்வளவுதான் பதில்.

படுக்கையில் விழுந்த பிறகும் அவர் திருந்தவில்லை. வார்டு நர்ஸைக் கூப்பிட்டு, "சிஸ்டர், நைட் டூட்டிக்கு துப்பறியற கதைதான் சிஸ்டர் கரெக்டு" என்று ஒன்றைக் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் ஊசியோடு வந்து, "ஏம்மா, டாக்டர்தானே கொலை பண்ணது?" என்று கேட்டாள். "உனக்கு யார் சொன்னது?" என்று அக்கா என்னை முறைத்தார்.

கை வீங்கி வளையலைக் கழற்றச் சொன்னார்கள். ஊக்குகளை அக்கா என் வளையலுக்கு மாற்றினார். "இந்த வாட்டி புக்க நீயே பாத்து எடுத்துகினு வா" என்றார். நான் ஒரு குடும்பக் கதையை எடுத்துப் போனேன். புருஷன் விட்டுவிட்டுப் போக, ஒருத்தி தனியாகக் குழந்தைகளை வளர்க்கிற கதை. அது தெரியாமல் எடுத்தேன். தெரிந்திருந்தால் எடுத்திருக்கமாட்டேன். அக்கா என் வளையலிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கடைசிப் பக்கங்களில் குத்தினார். தினமும் ஷிப்டு முடிந்து போய், விரலை வைத்து நான் சத்தமாகப் படிப்பேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "அவன் திரும்பி வருவான் பாரு" என்பார். "வந்தா சேத்துக்குவாக்கா" என்பேன். "சேத்துக்க மாட்டா. இவ அந்த மாதிரி பொம்பள இல்ல" என்பார். பக்கத்துக் கட்டில் அம்மா என் கட்சி. தினமும் சண்டைதான்.

அக்காவின் மகள் திருமழிசையில் நிறைமாதமாக இருந்ததால் டாக்டர் என்னைத்தான் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்றார். நான் குழாயில் முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். அக்காவிடம் சொல்ல வேண்டுமா, மறைக்க வேண்டுமா என்று தெரியவில்லை. எது சரி என்று கேட்கலாம் என்றால், இத்தனை வருடம் நான் எதையும் கேட்டது அக்காவிடம்தான். புத்தகத்தைத் திறந்தேன். விரலை ஒரே வரியில் திரும்பத் திரும்ப ஓட்டினேன்.

"இன்னாடி, கடைசிப் பக்கத்தப் பாத்துட்ட மூஞ்சியா கீது?" என்றார்.

"இல்லக்கா. ஊக்கு அப்படியேதான் இருக்குது."

"நான் புக்க சொல்லல. டாக்டரு வெளிய இட்டுனு போனாரே, அத்த சொல்றேன்."

நான் பக்கத்தைத் திருப்புவதுபோலக் குனிந்துகொண்டேன். வாயைத் திறந்தால் அழுகைதான் வரும்.

"சொல்லாத" என்றார். "எத்தினி வாட்டி சொல்லிக்கிறேன். பாதி படிச்சிகினு இருக்கறவ கிட்ட முடிவ சொல்லக் கூடாது. எங்க உட்ட? மாமியா மூட்டை முடிச்சோட வந்து எறங்கினாளே, அங்கதானே? படி."

படித்தேன். அன்று ஒரு அத்தியாயம் முழுக்கப் படித்தேன். மாமியார் வாயைத் திறக்கும்போதெல்லாம் அக்கா சிரித்தார். அதற்குப் பிறகு சில நாள்தான். நாங்கள் ஊக்கு குத்திய இடம் வரை வரவில்லை.

அடக்கம் முடிந்து, பேத்தி பிறந்து, மகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, விட்ட இடத்திலிருந்து படித்து வந்து ஊக்கைக் கழற்றினேன். இப்படி வரிசையாக முடிவு வரை வந்து நானே கழற்றியது அதுதான் முதல் தடவை. அவன் திரும்பி வந்தான். அழுதான். அவள் சேர்த்துக்கொண்டாள். நான் சொன்னதுதான் நடந்தது. ஜெயித்துவிட்டு வெறும் வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் அந்தப் பக்கங்களைச் சேர்த்துப் பழையபடி ஊக்கைக் குத்தினேன். நூல் நிலையத்துக்காரர் வாங்கிப் பார்த்தார். எப்போதும்போலக் கழற்றுவார் என்று நினைத்தேன். அப்படியே ரேக்கில் வைத்துவிட்டார்.

மற்ற ஊக்குகள் என் வளையலில்தான் இருக்கின்றன. கம்பி சுற்றும்போது ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போடுகின்றன. பெஞ்சில் பக்கத்து இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். அவள் சினிமா பேசுகிறாள். நான் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தக் கதையில் அவள் அவனைச் சேர்த்திருக்கக் கூடாது அக்கா. உட்கார வைத்துச் சோறு போட்டு அனுப்பியிருக்கலாம். எனக்கும் இப்போது அப்படித்தான் படுகிறது.